ஃபோலிக் அமிலம்: 400 மைக்ரோகிராமா, 5 மில்லிகிராமா?

இரண்டும் பார்வைக்குச் சின்னஞ்சிறு மாத்திரைகளே என்றாலும், 5 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது 400 மைக்ரோகிராமைப் போலப் பன்னிரண்டரை மடங்கு மருந்து. அட்டையில் அச்சிட்ட அலகை ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெரும்பாலான பெண்களுக்குச் சிறிய அளவே போதும். குறைபாடின்றி உருவாக ஃபோலிக் அமிலம் துணைசெய்யும் கருவின் நரம்புக்குழாய் (பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் பகுதி) கருவுற்ற சுமார் 28 நாட்களுக்குள், பலருக்குக் கர்ப்பம் உறுதியாகும் முன்பே, மூடிவிடுவதால், அளவைக் கூட்டுவதைவிட முன்கூட்டியே தொடங்கி முதல் 12 வாரங்கள் விடாமல் உட்கொள்வதே முக்கியம் என்பேன்.

முந்தைய கருவுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தவர்களுக்கும், வலிப்பு மருந்து உட்கொள்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் போன்றோருக்கும் மருத்துவர் 5 மில்லிகிராம் எழுதித் தருவதுண்டு. அதைத் தாமாகவே வாங்கி விழுங்குவது சரியல்ல. வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவருக்கு அதிக அளவு ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை மட்டும் சரிசெய்து, நரம்புப் பாதிப்பு ஓசையின்றி முற்ற இடமளித்துவிடக்கூடும்.