கைடா, டியூஷனா, சாட்பாட்டா: பத்தாம் வகுப்பு வீட்டுப்பாடத்துக்கு எது தேறும்?

போன மாதம் ஃபீஸ் கொடுக்க வந்த ஒரு பையனின் அம்மா, பணத்தை நீட்டிக்கொண்டே கேட்டார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபோன்லயே ஏஐ எல்லா வீட்டுப்பாடமும் போட்டுக் குடுத்துருதாம், அப்புறம் டியூஷன் எதுக்குன்னு பையன் கேக்குறான்.”

நியாயமான கேள்வி. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற 14 பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் எடுத்து, மாதம் தலைக்கு 700 ரூபாய் வாங்குகிறவன் நான். எல்லாம் தமிழ்வழிப் பிள்ளைகள். ஆகவே இந்த ஒப்பீட்டில் எனக்குச் சொந்த லாப நஷ்டம் இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். அந்த அம்மாவுக்கு அன்று வாசலில் நின்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கைடு. சாட்பாட்டைப் பார்த்து நெஞ்சில் கை வைக்கிற பெரியவர்கள் பலர், தங்கள் காலத்தில் கைடைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி எழுதியவர்கள்தான், நானும் அதில் சேர்த்தி. கைடில் ஒரு நல்லது உண்டு, அது பாடப்புத்தகத்தை விட்டு நகராது. இனர்ஷியாவை நிலைமம் என்று புத்தகம் சொன்னால் கைடும் நிலைமம் என்றுதான் சொல்லும். அதில் எந்த விடையில் அச்சுப்பிழை இருக்கிறது என்பது வாத்தியாருக்கும் தெரியும், ஆக யார் பார்த்து எழுதியது என்று இரண்டாவது நோட்டிலேயே பிடித்துவிடலாம். கெட்டது என்னவென்றால் அதனிடம் திருப்பிக் கேட்க முடியாது. மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படித் தாவினார்கள் என்று பிள்ளை முழித்தால், முழித்தது முழித்ததுதான்.

கைடை மடக்க எங்களிடம் ஒரு பழைய வித்தை இருந்தது, எண்ணை மாற்றிவிடுவது. புத்தகத்துக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தால் கைடு செத்துப்போகும், பையன் தானே போட்டாக வேண்டும். சாட்பாட் வந்ததும் முதலில் போனது இந்த வித்தைதான். இருபடிச் சமன்பாடு ஒன்று கொடுத்தேன்: முதல் கெழு 4, கடைசி எண் 9, இரண்டு மூலங்களும் சமம், நடுவில் உள்ள கெழு என்ன. மறுநாள் ஒரு பையன் கூட்டல் 12 அல்லது கழித்தல் 12 என்று அழகாக எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டுக் கொண்டு வந்தான். சரியான விடை. ‘கழித்தல் 12 எங்கேருந்துடா வந்துச்சு?’ என்றேன். நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான். சரி, 9-ஐ 16 ஆக்கி அங்கேயே போடச் சொன்னேன். பக்கத்துப் பையனிடம் ரப்பர் வாங்கி, அழித்து, மறுபடி அழித்து, இருபது நிமிஷம் ஆனது, மூலங்கள் சமமா இல்லையா என்று காட்டுகிற தன்மைக்காட்டி என்ற சொல்லே அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அந்த 16 கணக்கையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தால் பத்தே நொடியில் சரியாகப் போட்டிருப்பான், அதாவது அவன் ஃபோன் போட்டிருக்கும்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-இல் வந்தபோது இது எங்கோ அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிரச்சினை என்று நினைத்தோம். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் தடை போட்டு, நாலு மாதத்தில் தாங்களே அதை எடுத்தார்கள். 2024 நடுவில் வாட்ஸப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அப்பாவின் ஃபோன் அரை மணி நேரம் கையில் கிடைத்தால் போதும், கேள்வியைப் படம் பிடித்து அனுப்பினால் விடை வருகிறது, கைடு காசும் மிச்சம். காசு வகையில் கைடும் தோற்றது, நானும் தோற்றேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பாடம் பாடமாகப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். கணக்கில் இப்போதெல்லாம் சாட்பாட் பெரும்பாலும் சரியாகவே போடுகிறது, அதைக் குறை சொல்வது வீம்பு. ஆனால் பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண் செய்முறை வடிவியல் கேள்விக்குக் காம்பஸ் எடுத்துத் தொடுகோடு வரைய வேண்டும், இன்னொரு எட்டு மதிப்பெண்ணுக்கு வரைபடத் தாளில் புள்ளி குத்த வேண்டும். படி ஒன்று, படி இரண்டு என்று அது சொல்லிவிடும், கை நடுங்காமல் வில் வரைவது நம்ம பிள்ளைதான். அறிவியலில் வேறு மாதிரிச் சிக்கல். ஒரு பெண் நிலைமத்துக்குப் பதில் ‘மந்தநிலை’ என்று பக்கம் முழுக்க எழுதிக் கொண்டுவந்தாள். என்ன மந்தநிலை, நாட்டுப் பொருளாதாரமா என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. ஆங்கிலத்தில் யோசித்ததைத் தமிழாக்கிக் கொடுக்கிற வாடை தமிழ்வழிப் பிள்ளைகளின் நோட்டில் அடிக்கடி அடிக்கிறது. விஷயம் சரியாக இருக்கும், சொல் மட்டும் புத்தகத்துச் சொல் இல்லை, திருத்துகிறவர் எல்லாரும் என்னைப் போல உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பாடத்தில்தான் வேடிக்கை. ‘கற்க கசடற’ குறளை அலகிட்டு, அதாவது சீர் சீராக அசை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேமா, புளிமா என்கிற மாதிரி வாய்பாடு தரச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் கொண்டுவந்ததில் ‘கசடறக்’ என்பதை மூன்றாக வெட்டிப் புளிமாங்காய் என்று போட்டிருந்தது. கச, டறக், நிரை நிரை, கருவிளம், அவ்வளவுதான். கடைசிச் சொல் ‘தக’வுக்கு நாள் என்று இருந்தது. இரண்டு குறில் சேர்ந்தால் நிரை, ஆக மலர், இதை ஒன்பதாவதுக் குழந்தையே சொல்லும். அவன் ஃபோனிலேயே ‘தக தவறு’ என்று தட்டினேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காசு என்றது. அப்புறம் குறும்புக்கு, அது சரியாகப் போட்டிருந்த ‘கற்க’வையும் தவறு என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கும் மன்னிப்புக் கேட்டுத் தேமாவைப் புளிமா ஆக்கிவிட்டது! எந்த ஆப் என்பது முக்கியமில்லை, நாளைக்கே அது திருந்திவிடலாம், இன்னொன்று இன்றைக்கே சரியாகப் போடலாம்.

ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள். இந்த எந்திரங்கள் நம்மைப் போல எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, எழுதியதைத் தமக்குத் தோதான துண்டுகளாக நறுக்கிக்கொண்டுதான் உள்ளே எடுக்கின்றன. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது, முன்பு 116 துண்டுகளாக வெட்டப்பட்ட ஒரு தமிழ்ப் பகுதி இனி 35 துண்டுதான் என்று பெருமையாகக் காட்டியது. முன்னேற்றம்தான், வேகமும் கூடும். ஆனால் அந்த வெட்டு குறில் நெடில் பார்த்து விழுகிற வெட்டு இல்லையே. அசை பிரிப்பதற்கு எழுத்து தெரிய வேண்டும், ஒற்று தெரிய வேண்டும். அச்சுப்பிழையை விட்டால் கைடில் இந்த விடை சரியாகவே இருக்கும், டியூஷனில் நான் விரலைத் தட்டிக் காட்டுவேன், ஆக யாப்பிலக்கணத்துக்குச் சாட்பாட்டைக் கடைசி இடத்தில்தான் வைப்பேன்.

கட்டுரை, கடிதம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உணவு விடுதியில் சாப்பாடு தரமாக இல்லை, விலையும் கூடுதல், உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் எழுதுக என்று பத்தாம் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. நான்கு பேர் ஃபோனில் எடுத்து எழுதியிருந்தார்கள். நான்கிலும் அனுப்புநர், பெறுநர், பொருள், நாள் எல்லாம் கச்சிதம், ‘நுகர்வோரின் அடிப்படை உரிமை’ என்று நான்கிலும் ஒரு வரி, ‘தக்க நடவடிக்கை’ என்று நான்கிலும் ஒரு வரி. நாலையும் படித்துவிட்டு ஒன்று கேட்டேன், என்னடா சாப்பிட்டீங்க? ஒருவர் கடிதத்திலும் சாப்பாட்டின் பெயர் இல்லை! இட்லியா, பிரியாணியா, கெட்டுப்போனது எது, எத்தனை ரூபாய் பிடுங்கினார்கள், ஒன்றும் இல்லாமலேயே இரண்டு பக்கம் புகார். கைடில் இருக்கிற மாதிரிக் கடிதமும் இதே ரகம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இந்த விஷயத்தில் இருவரும் பங்காளிகள்.

வாத்தியார்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். அதற்கென்று வருகிற கண்டுபிடிப்புக் கருவிகளை நம்பாதீர்கள். ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒன்றை விட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதுவும் நம் பிள்ளைகள் கையால் எழுதுகிறவர்கள், ‘என்னடா சாப்பிட்டே’ என்று கேட்டாலே போதும்.

இப்போது நான்காவது போட்டியாளர். 2025 ஜூலையில் சாட்ஜிபிடியில் ஸ்டடி மோட் வந்தது, அடுத்த மாதம் கூகுளின் ஜெமினியில் கைடட் லேர்னிங். விடையை நேரே கொட்டாமல், இது என்ன வகைச் சமன்பாடு, உனக்கு எதுவரை தெரியும் என்று திருப்பிக் கேட்டு நடத்திக்கொண்டு போகிற வசதி. பார்த்தால் நான் செய்கிற வேலைதான், எனக்கே லேசாக வயிற்றைக் கலக்கியது.

இதற்கும் சாதா சாட்பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கணக்குப் பாடத்தில் சோதித்தார்கள், 2024-இல் வெளியானது. சுமார் 1,000 பிள்ளைகள், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும், ஒரு பிரிவுக்குக் கேட்டதைக் கொடுக்கிற சாதா சாட்பாட், இன்னொன்றுக்கு ஆசிரியர்கள் குறிப்பு எழுதிக் கொடுத்து, துப்பு மட்டும் சொல்லும்படி கட்டிவைத்த சாட்பாட். பயிற்சிக் கணக்கில் சாதா சாட்பாட் வைத்திருந்தவர்கள் 48 சதவீதம் மேலே, துப்புச் சாட்பாட் வைத்திருந்தவர்கள் 127 சதவீதம் மேலே. அப்புறம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தார்கள். சாதா சாட்பாட்காரர்கள், ஒன்றுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். தாங்கள் குறைவாகக் கற்றோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை என்பதுதான் இதில் எனக்கு உறுத்துகிற இடம், என் ஃபேன் பார்த்த பையனும் அப்படித்தான், தனக்குத் தெரியும் என்றே வந்தான். துப்புச் சாட்பாட்காரர்கள் கீழே போகவில்லை, ஆனால் மேலேயும் வரவில்லை, புத்தகம் மட்டும் வைத்துப் படித்தவர்களோடு கிட்டத்தட்டச் சமமாக நின்றார்கள். அந்த 127 எங்கே போனது?

என் பிள்ளைகளிடம் ஸ்டடி மோடைக் கொடுத்துப் பார்த்ததில் அலுப்புதான் எதிரி. இரண்டு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள், மூன்றாவதில் ‘விடைய மட்டும் சொல்லு’ என்று தட்டுகிறார்கள், இல்லையென்றால் அந்த மோடையே அணைத்துவிடுகிறார்கள், ஒரு தட்டுதான். என்னை அப்படி அணைக்க முடியாது. மூன்றாவது கேள்விக்கும் எதிரே உட்கார்ந்திருப்பேன், முறைப்பேன், தேவைப்பட்டால் அம்மாவுக்கு ஃபோன் போடுவேன். 700 ரூபாயில் பாதி இந்த முறைப்புக்குத்தான்.

யூடியூப், புத்தகத்தில் அச்சாகியிருக்கிற க்யூஆர் கோடு, கல்வித் தொலைக்காட்சி எல்லாம் பாடம் புரிய நல்லது, வீட்டுப்பாடப் போட்டியில் அவை இல்லை.

டியூஷனின் குறையையும் சொல்லிவிடுகிறேன். 14 பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கு நான் தருவது நாலைந்து நிமிஷம். எட்டு மணிக்கு மேல் நான் இல்லை. இன்னொன்று, வெட்கம். ஓரத்தில் உட்காருகிற ஒரு பெண், கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் ஏன் கூட்டல் வருகிறது என்பதை ஏழாவதிலிருந்து யாரிடமும் கேட்டதில்லை, சிரிப்பார்கள் என்று. ராத்திரி பத்தரைக்கு அக்காவின் ஃபோனில் சாட்பாட்டிடம் கேட்டிருக்கிறாள், புரியவில்லை என்று ஐந்து தடவை கேட்டிருக்கிறாள், ஐந்தாவது தடவை அது கடன் கணக்கை வைத்துச் சொன்னதாம்: மாதம் 100 ரூபாய் கடன் ஏறுகிறது என்றால், மூன்று மாதம் முன்னால் நீ 300 ரூபாய் மேலேதானே இருந்திருப்பாய். மறுநாள் வந்து எனக்கே சொல்லிக் காட்டினாள். நான் இரண்டாவது தடவையிலேயே எரிந்து விழுந்திருப்பேன்.

ஆக அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். விடை எழுதிக் கொடுக்கிற வேலைக்கு என்றால் டியூஷனை நிறுத்திவிடுங்கள், கைடையும் வாங்காதீர்கள், ஃபோனே போதும், மூன்றிலும் அதுதான் வேகம். ஆனால் அதை வைத்துக் கணக்கு நோட்டில் ஒரு வருஷம் டிக் வாங்கலாம், மார்ச் மாதம் ஹாலுக்குள் ஃபோன் வராது. தமிழ் இலக்கணத்துக்குக் கைடு, கணக்குக்கு முதலில் நோட்டும் பென்சிலும் அப்புறம் யாராவது மனுஷர், கேட்க வெட்கமாக இருக்கிற சந்தேகத்துக்கு ராத்திரி சாட்பாட், அதுவும் விடையைக் கேட்காமல் ஏன் என்று கேட்கிற பிள்ளையாக இருந்தால். எங்கள் மாடியில் இப்போது ஆறிலிருந்து ஏழு வரை ஃபோன் ஜன்னல் திண்டில் இருக்கும், ஏழுக்கு மேல் எடுத்துத் தாங்கள் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், தப்பைக் கண்டுபிடித்தால் ஒரு கடலை மிட்டாய், அது தங்கள் தப்பாக இருந்தாலும் சரி, ஃபோனுடைய தப்பாக இருந்தாலும் சரி.

அந்தக் கடித விஷயம் பாக்கி இருக்கிறது. ஃபோன் இல்லாமல் அங்கேயே எழுதுங்கள் என்றதும், அந்த ஓரத்துப் பெண்தான் முதலில் முடித்தாள். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பூரிக் கிழங்கு புளித்துப் போயிருந்தது, கேட்டதற்கு சர்வர் ‘அது எலுமிச்சம்பழம்’ என்றார், இரண்டு பூரிக்கு 70 ரூபாய் வாங்கினார்கள், தம்பிக்கு ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. எழுத்துப்பிழை ஏழு. ஐந்துக்கு நான்கு போட்டேன், அந்த ஒரு மதிப்பெண்ணும் பிழைக்காகக் குறைத்ததில்லை, பில்லை இணைப்பில் சேர்க்க மறந்துவிட்டாள்.