நீரோரத்தில் ரக்கூன்: பொந்தா, தடமா, குழாயா?

வட அமெரிக்காவின் சிறு காட்டு விலங்கான ரக்கூனுக்குக் கண்ணைவிடக் கைதான் பெரிது. ஓடை விளிம்பில் நடந்தபடியே முன்னங்கால்களைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவும். பார்வை வேறெங்கோ இருக்கும். விரல்கள் மட்டும் கல்லுக்கடியில் இறால் போன்ற கிரேஃபிஷ் தேடிக்கொண்டிருக்கும். அங்கே தோலுக்காகவோ பயிரைக் காக்கவோ நீரோரம் பொறி வைப்பவர்கள் ரக்கூனுக்குக் கையாளும் மூன்று முறைகளும் ஏதோ ஒரு வகையில் இந்தப் பழக்கத்தை நம்பியே இருக்கின்றன. எந்தப் பொறி சிறந்தது என்று அவர்கள் ஓயாமல் வாதிடுவார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: நாளைக் காலை தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும், அந்தக் கரையில் வேறு யாருடைய கால் படும்.

மூன்றில் பெயர்பெற்றது பொந்து முறை. கரை செங்குத்தாக இறங்கும் இடத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, ஆறங்குல அகலத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குடைகிறார்கள். உட்பகுதி சற்றே மேல்நோக்கி ஏற வேண்டும். வாயில் தண்ணீர் நிற்க வேண்டும். கோடியில் வைக்கும் மீன் துண்டு நனையக் கூடாது. அதைக் குச்சியால் மண்ணோடு சேர்த்துக் குத்திவைக்காவிட்டால் இரவோடு இரவாகக் காணாமல் போய்விடும். வாய்க்கு முன்னால், இரண்டு மூன்று அங்குலத் தண்ணீருக்கடியில், காலைக் கவ்வும் சுருள்வில் பொறி இருக்கும். அது கொஞ்சமும் ஆடாமல் பதிந்திருக்க வேண்டும்.

பொறியைப் பொந்துக்கு நேராக வைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ரக்கூன் கால்களை அகட்டி நிற்கும் விலங்கு. நேர் நடுவில் வைத்தால் அதன் இரு கைகளும் பொறிக்கு இருபுறமும் ஊன்றும். மீனும் போய்விடும், பொறியும் அப்படியே கிடக்கும். ஓரிரு அங்குலம் இடமோ வலமோ தள்ளி வைக்க வேண்டும். தோலுக்காகப் பிடிக்கப்படும், கீரி போன்ற மிங்க் அப்படியல்ல. ஒல்லியான உடம்பு, பொந்தைக் கண்டால் நேரே நுழைந்துவிடும். அதற்குப் பொறியை நடுவிலேயே, வாயை ஒட்டி வைக்கலாம்.

பொந்து முறையின் எதிரி தண்ணீரேதான். ஐயோவா, இல்லினாய் போன்ற மாநிலங்களில் வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். நல்ல மழை பெய்தால் ஓடை கிடுகிடுவென ஏறும். அரை அடி ஏறினால் போதும், பொந்து மூழ்கிவிடும், பொறி ரக்கூனின் காலுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். வறண்டால் பொறி வெளியே பல்லிளிக்கும். மட்டம் மாறாத ஊற்றுநீர் ஓடை கிடைத்தவர் பாக்கியசாலி. அங்கே உறைபனிக் காலத்திலும் விளிம்பு திறந்தே இருக்கும்.

இரண்டாவது, இரையே இல்லாத தடப்பொறி. விலங்கு எப்படியும் கால் வைத்தே ஆக வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்து அங்கே பொறியைப் பதிப்பது. சாய்ந்த மரத்தின் வேர் கரைப்பாதையை மறிக்கும் இடம், பாலத்தின் காங்கிரீட் சுவருக்கும் ஆழமான தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் மட்டுமே ஆழம் குறைந்திருக்கும் இடம், சாலைக்கு அடியில் செல்லும் சிறுபாலத்தின் வாய். இங்கே வேலை முழுவதும் கண்ணுக்குத்தான். ரக்கூன் நடந்த சேற்றில் குழந்தைக் கை போன்ற முன்கால் தடமும் நீண்ட பின்கால் தடமும் பக்கத்துப் பக்கத்தில் ஜோடியாகப் பதிந்திருக்கும். அந்த ஜோடிகள் எங்கே கரையை விட்டுத் தண்ணீரில் இறங்குகின்றன என்று பார்க்கத் தெரிந்தவருக்கு மீனும் வேண்டாம், வாசனை எண்ணெயும் வேண்டாம். மிங்க் பிடிப்பதில் இதை அடிக்க வேறு முறை இல்லை என்பேன். இரையைச் சட்டைசெய்யாத மிங்க்கும் சுவரோரமாகப் போகாமல் இருக்காது.

ஆனால் தடத்தில் வைத்த பொறிக்கு ஆள் தெரியாது. மிசௌரி மாநிலம் 1982 முதல் 1992 வரை 800க்கும் மேற்பட்ட நீர்நாய்களைக் கொண்டுவந்து ஆறுகளில் விட்டது. அவற்றில் பல, லூசியானாவின் சதுப்புகளில் இதே வகைக் கால்பொறிகளில் உயிரோடு பிடிபட்டவை. நீர்நாய் மீண்டும் பெருகிய ஆறுகளில், ரக்கூனுக்கென்று பாலத்தடியில் வைத்தது யாரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நீர்நாயின் எச்சமும் சறுக்குத்தடமும் தெரிந்தால் இடத்தை மாற்றுவதே நல்லது.

மூன்றாவது, நாய் சிக்காத குழாய்ப் பொறி. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாத வாய். அடியில் பூனைத் தீனியோ இனிப்போ. அதற்கு மேல் ஒரு விசை. ரக்கூன் கையை விட்டு விரலால் பற்றி இழுத்தால்தான் வில் விழும். குரங்குப் பிடி என்று நாம் சொல்வோமே, அதை நம்பிச் செய்த கருவி. நாய்க்குப் பற்றி இழுக்கும் விரல் இல்லை. தள்ளினாலும் விழுகிற விசை கொண்டவையும் விற்கிறார்கள். வீட்டு நாய்கள் திரியும் இடத்தில் அவற்றைத் தொடாதீர்கள், நக்கும் நாக்கு மாட்டக்கூடும்.

இதன் பெரிய பலன் விலங்குக்குத்தான். சாதாரணக் கால்பொறியில் மாட்டிய ரக்கூனுக்கு, மரத்துப்போன தன் விரல்களையே கடித்துக் குதறும் கெட்ட பழக்கம் உள்ளது. குழாய்க்குள் கை மூடியிருப்பதால் பல் எட்டாது. முட்டை வடிவில் வந்த ஆரம்பகால மாதிரியை இல்லினாயில் சாதாரணக் கால்பொறியோடு ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்விலும் காயம் குறைவு என்றே தெரிந்தது. ஓடையைவிட்டுப் பத்து அடி மேலே, ரக்கூன் ஏறி இறங்கும் பாதையில் செருகிவிட்டால் வெள்ளம் வந்தாலும் கவலை குறைவு. குறைகளும் உண்டு. மழை உள்ளே புகுந்து உறைந்தால் விசை அசையாது. மிங்க்குக்கும், நீரில் வாழும் எலி போன்ற மஸ்க்ராட்டுக்கும் இது அறவே உதவாது. வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் ஒபோசமும், நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்கும் கை நீட்டும். ஸ்கங்க் மாட்டிய நாளின் காலைப்பொழுது எப்படியிருக்கும் என்பதை வாசகரின் மூக்குக்கே விட்டுவிடுகிறேன்.

கனடாவின் பிராங்க் கானிபேர் உருவாக்கிய உடல்கவ்விப் பொறியை நான் போட்டியில் சேர்க்கவே இல்லை. ரக்கூனுக்கான ஏழு அங்குல அளவில் தலையை விடும் நாயும் செத்துவிடும். அதனால்தான் பல மாநிலங்கள் அதைத் தரையில் வைப்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன.

பொந்து, தடம் இரண்டிலும் சிலர் ஆழத்தை நோக்கிக் கம்பி கட்டி, மாட்டியது மூழ்கிச் சாகும்படி செய்வார்கள். மாநில வனவிலங்குத் துறைகளின் வழிகாட்டு நெறிகள் மிங்க், மஸ்க்ராட் போன்றவற்றுக்கு இதை ஏற்கின்றன. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமோ மூழ்கடிப்பது மனிதத்தன்மையற்றது என்கிறது. நான் மருத்துவர்கள் பக்கம். கலிஃபோர்னியா 2019இல் தோலுக்காகப் பொறி வைப்பதையே தடைசெய்துவிட்டது. மற்ற இடங்களிலும் உரிமமும் பொறியைப் பார்வையிட வேண்டிய கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

ரக்கூன் தோலுக்கு இன்று பெரிய விலை கிடையாது. பிடிப்பவர்களில் பலர் சோளக்கொல்லையையோ வாத்துக் கூடுகளையோ காக்க நினைப்பவர்கள். அவர்களுக்குக் குழாயே போதும், அதுவும் நாய்கள் உள்ள பண்ணையில் குழாய் மட்டும்தான். மிங்க்கும் வேண்டுமென்றால் பாலத்தடித் தடத்தைக் கற்றாக வேண்டும். பொந்தை ஊற்றுநீருக்கு ஒதுக்கிவிடலாம். கடுங்குளிரில் ரக்கூன்கள் மரப்பொந்துக்குள் முடங்கிவிடும், குழாய்கள் சும்மா கிடக்கும். மிங்க் அப்போதும் பனிக்கட்டி விளிம்பில் நடமாடும். ஜனவரிக் கடைசியில் ஆண் ரக்கூன்கள் துணை தேடிப் புறப்படும். அப்போதும் பொறி வைக்கும் பருவம் முடியாத மாநிலமாக இருந்தால், பனி இளகும் இரவு பார்த்துக் குழாய்களை மறுபடி வெளியே எடுக்கலாம்.