6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை

நேற்று இரவுதான் உண்மை தெரிந்தது. ஆத்திரத்தில் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில் 6,800 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். போடவில்லை.

எங்களுக்குச் சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நர்சரி. கன்றுக் கணக்கு, பில், வெளியூர் ஆர்டர் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். அதற்கு மூன்று வாரமாக ஒரு வியாதி. பகலெல்லாம் நன்றாக ஓடும். இரவு வேலை முடித்து ஷட் டவுன் கொடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு நீலத்திரை, அதன்பின் தானாகவே மறுபடி உயிர் பெற்று எழுந்துவிடும். சோகமுகம் போட்ட அந்தத் திரையின் அடியில் பொடி எழுத்தில் ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்று இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். “உட்காருங்கள் அக்கா, வெயிலில் வந்திருக்கிறீர்கள்” என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். நான் கைப்பேசிப் படத்தை நீட்டினேன். ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. “இதெல்லாம் பொதுவாக வருவது அக்கா” என்று கையாலேயே ஒதுக்கிவிட்டு, மேசையில் கிடந்த வேறு ஏதோ ஒரு போர்டை எடுத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, கறுத்துப்போன ஒரு புள்ளியைக் காட்டினார். “உங்களுடையதிலும் இதே இடம்தான் போயிருக்கும். பவர் ஐசி, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு. விட்டால் மதர்போர்டே போய்விடும், அப்புறம் இருபதாயிரம் ஆகும்.” அந்த டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் பணம் போனதைவிட வயிறு எரிகிறது. கடவுச்சொல்லையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். 6,800 ரூபாய். எங்கள் கணக்கில் அது 80 ஒட்டுக்கன்று விற்ற பணம். பில் கேட்டேன், ‘சர்வீஸ்’ என்று ஒரே சொல் எழுதிய சீட்டு வந்தது. பணமும் கடைக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயரில் இருந்த கணக்குக்குப் போனது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

அன்றிரவே மறுபடி நீலத்திரை.

மறுநாள் போன் செய்தேன். “ஐசி வேலைக்குத்தான் அக்கா நான் பொறுப்பு, இது சாஃப்ட்வேர் பிரச்சினை” என்றார். அப்படியானால் முதலிலேயே சாஃப்ட்வேரைப் பார்த்திருக்கலாமே என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அடுத்த நாள் பையன் எடுத்து, உதிரிபாகம் வாங்க அண்ணன் பெங்களூரு போயிருக்கிறார் என்றான். அதற்கடுத்த நாளும் அவர் பெங்களூரிலேயே இருந்தார். நேரில் போனால், “விண்டோஸ் புதிதாகப் போட்டுவிடலாம், இன்னும் 1,500 கொடுங்கள், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்” என்கிறார். சீசன் கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது!

நேற்று ஓசூரில் படிக்கும் என் அக்கா மகன் வந்தான். நான் கடையில் நீட்டிய அதே படத்தைக் காட்டினேன். “சித்தி, வியாதியின் பெயரே இதில் எழுதியிருக்கிறதே” என்றான். டிரைவர் என்றால் வை-ஃபை, பிரிண்டர் போன்ற ஒவ்வொரு சாதனத்துக்கும் விண்டோஸுக்கும் நடுவே நின்று பேசும் நிரலாம். டிப்போவில் இரவு எல்லாக் கண்டக்டரும் வசூலை ஒப்படைத்தால்தானே கணக்கு முடியும்? அதுபோல, அணைக்கும்போது எல்லா டிரைவரும் தன் சாதனத்தின் மின்நிலையை மாற்றிவிட்டதாகப் பதில் சொல்ல வேண்டும். ஒருவன் வாயைத் திறக்காவிட்டால் விண்டோஸ் குறித்த நேரம் காத்திருந்து, பிறகு நீலத்திரையைப் போட்டுவிடுகிறது. பகலில் ஓடி, அணைக்கும்போது மட்டும் விழுந்ததன் காரணம் இதுதான்.

விண்டோஸ் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சிறு கோப்பு அங்கே தேதியோடு கிடந்தது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபிஜி என்ற கருவியில் திறந்தான். எல்லாவற்றிலும் ஒரே பெயர், வை-ஃபை டிரைவர். விண்டோஸ் அப்டேட் வரலாற்றில் பார்த்தால், தொல்லை தொடங்கிய அதே வாரத்தில் அந்த டிரைவர் புதிதாக இறங்கியிருக்கிறது. டிவைஸ் மேனேஜருக்குப் போய், வை-ஃபை அடாப்டரின் பண்புகளில் டிரைவர் பகுதியில் ‘ரோல் பேக்’ கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திருப்பினான். நான் தோசை வார்த்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஐந்து முறை அணைத்துப் பார்த்தோம். ஐந்து முறையும் சத்தமில்லாமல் அணைந்தது.

பிறகு அவனே அடிமூடியைக் கழற்றினான். பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் ஒரு திருகாணி ஒளிந்திருக்கிறது, அதன் மேல் கம்பெனி ஒட்டிய பசை அப்படியே இருந்தது. அந்தக் காலைப் பிய்க்காமல் மூடியைத் திறக்கவே முடியாது. உள்ளே காற்றாடியில் நர்சரிச் செம்மண் தூசி பஞ்சு மாதிரி படிந்து கிடந்தது, ஒரு விரல் பட்ட தடம் இல்லை. அந்த ஆள் மூடியைத் திறக்கவே இல்லை. எந்த ஐசி? எந்தப் புள்ளி? 6,800 ரூபாய்!

உங்களுக்கு இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. நீலத்திரையைப் படம் எடுங்கள், அதைப் பார்க்க மறுக்கும் கடையில் உட்காராதீர்கள். கழற்றுவதானால் உங்கள் கண்ணெதிரே கழற்றச் சொல்லுங்கள், மாற்றிய பாகத்தைக் கையில் கேளுங்கள். என்ன வேலை என்று எழுதாத சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ‘ரோல் பேக்’ பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு இல்லை என்று அர்த்தம், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை நான் மாற்றிவிட்டேன், என்னைப் போல் கொடுத்தவர்கள் நீங்களும் மாற்றுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நாளை காலை அழைக்கப்போகிறேன்.

திருகாணிப் படத்தை நேற்று இரவே கடைக்காரருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், இரண்டு நீலக் குறியும் விழுந்துவிட்டது. பதில் இல்லை. இன்று காலை அதே எண்ணிலிருந்து, லேப்டாப் சர்வீஸுக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்று விளம்பரம் வந்திருக்கிறது.