நாசிக் ஒயின் டிரெயில்: "சங்க அங்கீகாரம்" என்று விற்கப்படும் பாஸ் குறித்து ஓர் எச்சரிக்கை

நாகர்கோவிலில் இருந்து ஷீரடி, திரியம்பகேஸ்வர் யாத்திரைகளை நடத்திவரும் முகவர்களில் ஒருவர், அதே பயணத்தோடு நாசிக்கின் திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் ஆலைகளையும் சேர்த்து "ஒயின் டிரெயில்" என்ற பெயரில் விற்றுவருகிறார். கிறிஸ்துமஸுக்குப் பரணியில் திராட்சை ஊற வைக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம் என்பதால், ஆலையில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல் பலருக்கும் உண்டு. அந்த ஆவலைத்தான் அவர் காசாக்குகிறார். குடியரசு தின விடுமுறையை ஒட்டி எங்கள் குடும்பமும் தக்கலை உறவினர்களும் இந்தப் பயணத்தில் சென்று ஏமாற்றப்பட்டோம்.

பயணக் கட்டணம் போக, டிரெயில் பாஸுக்கென்று ஆளுக்கு 3,500 ரூபாய் தனியாக வாங்கினார். "அண்ணாச்சி, இந்த அட்டையைக் காட்டினா போதும், மத்ததெல்லாம் சங்கமே பாத்துக்கிடும்" என்பது அவர் வாக்கு. லேமினேட் செய்த அந்த அட்டையில் பொன்னிறத் திராட்சைக் கொத்து முத்திரை, "ஒயின் உற்பத்தியாளர் சங்க அங்கீகாரம்" என்ற வாசகம், நான்கு ஆலைகளின் பெயர்கள், மூலையில் ஒரு கியூஆர் கோடு ஆகியவை இருந்தன. எந்தச் சங்கம் என்பது மட்டும் எங்கும் இல்லை. மகாராஷ்டிரத்தில் ஒயின் அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது 21 என்றிருக்க, கல்லூரி முதலாண்டு படிக்கும் உறவுக்காரப் பையனுக்கும் சுவைப்புக் கட்டணம் (ஆலையில் ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதற்கான கட்டணம்) சேர்த்தே பாஸ் விற்றிருந்தார். ஒயினை வாயிலேயே வைக்காத எங்கள் மைனிக்கும் அதே கட்டணம்தான்.

திருவனந்தபுரத்தில் இருந்து விமானத்தில் மும்பை சென்று, அங்கிருந்து வேனில் ஏறி, ஷீரடி தரிசனத்தை முடித்த பிறகு ஆலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரே நாள் ஜனவரி 26. நம்மூர் டாஸ்மாக் கடையே பூட்டிக் கிடக்கும் நாள் அது. மது விற்பனைக்கும் பரிமாறலுக்கும் நாடெங்கும் தடை உள்ள அந்த நாளில் எந்த ஆலையிலும் சுவைப்பு நடக்காது என்பது, ஆண்டுதோறும் அந்தப் பக்கம் ஆட்களை அழைத்துச் செல்லும் ஒருவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

முதல் ஆலையின் வரவேற்பு மேசையில் இருந்த பெண், அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கியூஆர் கோடைத் தன் கைப்பேசியில் ஸ்கேன் செய்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கக்கூடிய வரைபடம் ஒன்றில் நான்கு புள்ளிகள் தெரிந்தன, அவ்வளவுதான். இப்படியொரு பாஸை ஆலை ஏற்பதில்லை, உங்கள் பெயரில் முன்பதிவும் இல்லை, தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதானாலும் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அவர் பொறுமையாகவே விளக்கினார். அவர்மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. இரண்டாவது ஆலையில் காவலாளி வேனையே உள்ளே விடவில்லை. மற்ற இரண்டுக்கும் போகச் சொல்லி ஓட்டுநருக்கு உத்தரவே இல்லையாம். மீதிப் பொழுதை அவர் ஒரு கிஸ்மிஸ் கடையில் கழிக்கவைத்தார். கிஸ்மிஸ் நன்றாகத்தான் இருந்தது.

ஒயின் பிரதேசங்களில் உற்பத்தியாளர் சங்கங்களும் டிரெயில்களும் இருப்பது உண்மைதான். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் 1971-இல் தோட்ட உரிமையாளர்கள் மூவர் கூடி ஒரு ஒயின் வழித்தடத்தைத் தொடங்கினார்கள். இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் வரைபடமும் உறுப்பினர் பட்டியலும் வெளியிட்டு, விழாக்கள் நடத்தி, பார்வையாளர்களை ஈர்க்கின்றன. ஆனால் நேரம் ஒதுக்குவதும் சுவைப்புக் கட்டணத்தை முடிவுசெய்வதும் பொதுவாக அந்தந்த ஆலையின் பொறுப்பு. கலிபோர்னியாவின் நாபா கவுண்டியில், 1990-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் வந்த ஆலைகளில் முன்கூட்டியே நேரம் பெறாமல் சுவைப்புக்கே இடமில்லை. சில இடங்களில் சங்கங்களே பாஸ் விற்பதும் உண்டு. அப்போது எந்தெந்த ஆலையில் என்னென்ன கிடைக்கும் என்பதைச் சங்கம் தன் பெயரிலேயே அறிவித்திருக்கும்.

முகவரின் துண்டறிக்கையில், நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடு இருப்பதும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் குறியீடு ஒயினுக்கு உரியதே தவிரச் சுற்றுலாவுக்கு உரியதன்று. மார்த்தாண்டம் தேனுக்கும்தான் புவிசார் குறியீடு உண்டு. அதற்காகத் தேனீப் பண்ணைக்கு ஆள் கூட்டிச் செல்பவரெல்லாம் அரசு அங்கீகாரம் பெற்றவராகிவிடுவாரா?

ஆகவே, ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறுவடைக் காலத்துக்கு யாரேனும் இந்தப் பாஸை நீட்டினால், ஒவ்வொரு ஆலையும் உங்கள் பெயருக்கும் தேதிக்கும் கொடுத்த முன்பதிவு எண்ணைத் தனித்தனியாகக் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணை ஆலைக்கே தொலைபேசியில் சொல்லிச் சரிபாருங்கள். அந்தத் தேதி அம்மாநிலத்தில் டிரை டேயா, அதாவது மது விற்பனைக்குத் தடையுள்ள நாளா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பாஸ் தொகையைத் திருப்பிக் கேட்டபோது, அடுத்த கொடைக்கானல் பயணத்தில் பாதியைக் கழித்துக்கொள்கிறேன் என்றார் முகவர். நாங்கள் மறுத்துவிட்டோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. துண்டறிக்கை, அட்டையின் படம், வங்கிப் பரிமாற்ற ரசீது ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராகிவருகிறது. இதே முகவரிடம் பாஸ் வாங்கியவர்கள் இரண்டாண்டு வரம்புக்குள் தங்கள் புகாரையும் பதிவுசெய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.