ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: சில ஆண்டுகள் பழகிய பிறகு

விண்டோஸ் 10, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் என்ற இரண்டு இயங்குதளங்களையும் ஒரே மடிக்கணினியில் வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாகக் காலம் தள்ளுகிறேன். எழுத்து வேலை, மின்னஞ்சல், வங்கி எல்லாம் மின்டில். கடைக் கணக்குக்கு டாலி, அச்சகத்திலிருந்து வரும் பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் இரண்டுக்கும் விண்டோஸ்.

நிறுவுவது அரை நாள் வேலைதான். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். லினக்ஸுக்கு இடம் ஒதுக்க விண்டோஸின் பார்ட்டிஷனை, அதாவது டிரைவில் அதற்கான பகுதியை, சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்வது நல்லது. நூறு ஜிபி காலியாக இருந்தாலும் சில ஜிபிக்கு மேல் விட்டுத்தர மாட்டேன் என்று அது முரண்டு பிடிக்கும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் குந்தியிருப்பதுதான் காரணம். ஹைபர்னேஷனையும் (நினைவகத்தை டிரைவில் எழுதிவைத்து உறங்குவது) பேஜ் ஃபைலையும் (நினைவகத்துக்கு உதவியாக டிரைவில் வைக்கும் கோப்பு) தற்காலிகமாக அணைத்துவிட்டு முயன்றால் பெரும்பாலும் வழிக்கு வரும். டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சில இன்டெல் மடிக்கணினிகளில் மின்ட் நிறுவிக்கு எஸ்எஸ்டியே கண்ணில் படாது. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில், டிரைவோடு பேசும் முறையை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ ஆக்கினால் தெரியும். ஆனால் விண்டோஸை சேஃப் மோடில் (அத்தியாவசியங்களோடு மட்டும்) கிளம்பும்படி அமைத்த பிறகே அதை மாற்ற வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும்.

உண்மையான தொல்லைகள் குடிபோன பிறகுதான் தொடங்கும். இது ஒண்டுக் குடித்தனம். அவரவர் அறையில் சண்டை இல்லை, பொதுவில் புழங்கும் இடத்தில்தான் எல்லாம்.

முதல் தகராறு கடிகாரத்தில். மதர்போர்டில் உள்ள கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதும். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். மின்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மாலை ஆறு மணிக்குப் பகல் பன்னிரண்டரை என்று காட்டும். விடிகாலை ஐந்து மணிக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தால் முந்தைய நாள் தேதி! மின்டின் டெர்மினலில் ஒரே வரிக் கட்டளையில் அதையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். அது கூடாது என்று மின்ட் நீளமாக எச்சரிக்கும். கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாடுகளில் அந்தக் கவலை நியாயம். இந்தியாவில் அந்த வழக்கமே இல்லை என்பதால் நான் பொருட்படுத்தவில்லை, இன்றுவரை பிரச்சினையும் இல்லை.

இரண்டாவது, விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் அதன் பார்ட்டிஷனை லினக்ஸில் திறந்தால் கோப்புகளைப் படிக்கலாம், எழுத முடியாது. பவர் ஆப்ஷன்ஸில் அந்தக் குறியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பெரிய அப்டேட் வந்தபின் குறி திரும்ப முளைத்திருக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்கிறேன்.

புளூடூத் ஹெட்செட் இன்னொரு சள்ளை. இரண்டு இயங்குதளங்களும் ஒரே புளூடூத் முகவரியில் வெவ்வேறு சாவியோடு பேசுவதால், ஒன்றில் இணைத்தால் மற்றதில் இணைப்பு அறுந்துவிடும். சாவியை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகலெடுக்க வழி உண்டு. எனக்குப் பொறுமை இல்லை. கம்பி ஹெட்செட் வாங்கிவிட்டேன்.

தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விண்டோஸில் லதா எழுத்துருவில் அமைத்த ஆவணத்தை மின்டின் லிப்ரே ஆபீஸில் திறந்தால், லதா இல்லாததால் லோஹித், நோட்டோ என்ற வேறு எழுத்துருக்களில் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்துகளின் அகலம் மாறும், வரிகள் வேறிடத்தில் உடையும், பக்க எண்ணிக்கையே மாறிப்போகும். இரண்டு பக்கமும் நோட்டோ செரிஃப் தமிழை நிறுவி, புதிய ஆவணங்களை அதிலேயே தட்டச்சு செய்கிறேன்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்த மென்பொருளை மட்டுமே கிளம்பவிடும் பாதுகாப்பு) இயங்கிய பல டூயல் பூட் (இரண்டு இயங்குதளங்கள் உள்ள) கணினிகளில் லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்தது. அத்தகைய கணினிகளை அந்த அப்டேட் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த பிறகு நடந்தது இது. நான் செக்யூர் பூட்டை அணைத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். ஆனாலும் மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று அன்றிலிருந்து பையிலேயே இருக்கிறது.

இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடமுள்ள கணினி என்றால், பார்ட்டிஷன் வம்பே வேண்டாம் என்பேன். ஆளுக்கொரு டிரைவ், ஆளுக்கொரு பூட் பகுதி. எது வேண்டுமோ அதைத் தொடங்கும்போது தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என் மடிக்கணினியில் அந்த வசதி இல்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. என் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிக்கு விண்டோஸ் 11-இல் இடம் இல்லை. புது மடிக்கணினி வாங்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. அதனால் பாதுகாப்பு கருதி விண்டோஸ் பக்கம் வைஃபையை நிரந்தரமாக அணைத்துவிட்டேன். கோப்புகள் பொதுப் பார்ட்டிஷன் வழியாகப் போய் வருகின்றன. டாலியும் பேஜ்மேக்கரும் முன்பு போலவே ஓடுகின்றன.