புரோமின் புட்டிக்குப் பதிலாகப் பாரிமுனையில் வாங்கிய மூன்று பொருள்கள்

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், அசிட்டனிலைடு என்னும் கரிமச் சேர்மத்தில் புரோமின் ஏற்றும் பரிசோதனைக்கு இந்தப் பருவம் முதல் திரவ புரோமினை அடியோடு நிறுத்திவிட்டோம். பாரிமுனையை ஒட்டிய ஒரு ரசாயனக் கடையில் பொட்டாசியம் புரோமைடு, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அம்மோனியம் மாலிப்டேட் ஆகிய மூன்றையும் வாங்கினோம்.

புரோமின் ஏறக்குறைய 59 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே செம்பழுப்புப் புகை கிளம்பும். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்த இரவில் வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அந்தப் புட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வந்ததே இல்லை. மேலும், புரோமின் மூலக்கூறின் இரண்டு அணுக்களில் ஒன்றுதான் விளைபொருளில் சேரும், மற்றது ஹைட்ரஜன் புரோமைடாக வீணாகும்.

வட அட்லாண்டிக் கரைகளில் வளரும் அஸ்கோபில்லம் என்னும் பழுப்புக் கடற்பாசியின் நொதி, வனேடியத்தின் துணையோடு பெராக்சைடைக் கொண்டு புரோமைடை ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாற்றி, அதன் வழியே கரிமச் சேர்மங்களில் புரோமினை ஏற்றுகிறது. எங்கள் முறையில் அம்மோனியம் மாலிப்டேட் ஏறத்தாழ அந்த நொதியின் வேலையைச் செய்கிறது. பெராக்சைடிலிருந்து மிஞ்சுவது தண்ணீர்தான். ஆனால் நொதிக்குத் தேவைப்படாத அசிட்டிக் அமிலம் இதற்குத் தேவைப்படுகிறது என்பதால், இதை முழுமையான பசுமை முறை என்று நான் சொல்லமாட்டேன்.

பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, ஒவ்வொரு சொட்டு விழுந்த இடத்திலும் ஆரஞ்சு நிறம் மலர்ந்து, கலக்கக் கலக்க மறையும். பிள்ளைகள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிகட்டி மறுபடிகமாக்கிய வெண்படிகங்கள் 166 டிகிரியில் உருகின; புரோமின் ஏறிய அசிட்டனிலைடு உருக வேண்டிய வெப்பநிலை ஏறத்தாழ அதுதான்.

முதல் தொகுதி மட்டும் சொதப்பியது. கிடைத்த பொருள் நூறு டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கியதால், வினைபுரியாத அசிட்டனிலைடு மிஞ்சிவிட்டது என்று புரிந்தது. பெர்மாங்கனேட் கொண்டு தரம்பார்த்தபோது பெராக்சைடு 11 சதவீதம்தான் இருந்தது. சீட்டில் தயாரிப்புத் தேதியும் இல்லை. கடைக்காரர் மறுபேச்சின்றிப் புதிய புட்டி தந்து, "சார், வெயில்ல வச்சிடாதீங்க, மூடியையும் ரொம்ப இறுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். மாலிப்டேட் விலை கூடுதலே என்றாலும், ஒரு வகுப்புக்குச் சிட்டிகையளவே செலவாகிறது. பெராக்சைடை மட்டும் அரை லிட்டருக்கு மேல் வாங்காமல், தேதி பார்த்து, பரிசோதனைக்கு முந்தின வாரம் வாங்குங்கள்.