விரைவுப் பாதையும் சாதாரண வரிசையும்: கேளிக்கைப் பூங்காக்களின் முன்பதிவு முறைகள் குறித்து ஒரு மதிப்புரை

கேளிக்கைப் பூங்காக்களின் முன்பதிவு வசதிகளைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, அதை வாங்கியவர் எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடித்தார் என்பதோடு நின்றுவிடுகின்றன. அதே நாளில், அதே சவாரிக்கு, அந்த வசதி இல்லாமல் வந்தவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவை கேட்பதே இல்லை. முன்பதிவு செய்தவர்களுக்கென்று தனியாக விடப்படும் விரைவுப் பாதையில் நான் நிற்காமல் நடந்து போனதும் உண்டு. சாதாரண வரிசையில் கம்பியில் சாய்ந்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதும் உண்டு. இரண்டையும் அனுபவித்த பிறகு, ஒரு முன்பதிவு முறை நல்லதா என்பதைச் சாதாரண வரிசையின் கடைசியில் நிற்பவரை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கீழே உள்ள மதிப்பீடுகள் எல்லாம் அந்த அளவுகோலைக் கொண்டு செய்யப்பட்டவை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 24 பேர் அமரும் ரோலர் கோஸ்டர் வண்டி நிமிடத்துக்கு ஒன்று வீதம் புறப்பட்டால், ஒரு மணி நேரத்தில் 1,440 பேர் சவாரி செய்வார்கள். வரிசையில் 720 பேர் இருந்தால், கடைசியாக வந்து சேர்ந்தவருக்கு அரை மணி நேரக் காத்திருப்பு. காத்திருப்பவர்களின் எண்ணிக்கை, அவர்கள் உள்ளே போகும் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான இந்தத் தொடர்பை ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961-இல் கணித முறையில் நிறுவிக் காட்டினார். இப்போது அதே சவாரிக்கு ஒரு விரைவுப் பாதை திறக்கப்பட்டு, இருக்கைகளில் நான்கில் மூன்று பங்கு அந்தப் பாதைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வரிசைக்கு மணிக்கு 360 இருக்கைகளே மிஞ்சும். அதே 720 பேர் நின்றால், கடைசி ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். விரைவுப் பாதைக்குச் சிலர் மாறிவிடுவதால் சாதாரண வரிசையின் நீளமும் குறையுமே என்று கேட்கலாம். ஓரளவு குறையும். ஆனால் அப்படி மாறியவர்கள் தங்கள் நேரம் வரும்வரை வேறொரு சவாரியின் வரிசையில் போய் நிற்கிறார்கள் என்பதால், பூங்கா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தக் காத்திருப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. முன்பதிவு முறை புதிதாக ஓர் இருக்கையைக்கூட உண்டாக்காது.

இதை ஒரு முறை மிக அருகிலிருந்து பார்த்தேன். நெரிசலான ஒரு விடுமுறை நாளில், என் மகளுடன் ஒன்றரை மணி நேரம் நின்று, இரண்டு பாதைகளும் ஒன்று சேரும் இடத்துக்கு வந்திருந்தோம். அங்கே ஓர் இளம் ஊழியர், இரண்டு வரிசைகளுக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். விரைவுப் பாதையிலிருந்து 12 பேரை விடுவார். எங்கள் பக்கக் கயிற்றை அவிழ்த்து 3 பேரை விடுவார். மறுபடியும் 12 பேர். என் மகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். "அப்பா, அவங்க இப்பதானே வந்தாங்க, ஏன் நமக்கு முன்னாடி போறாங்க?" என்று கேட்டாள். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் அந்த ஊழியரிடம் கோபமாக இரைந்தார். ஊழியரோ யாரிடமும் பேசாமல், கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு தன் வேலையைச் செய்தார். விகிதத்தை முடிவு செய்தவர் வேறு எங்கோ ஓர் அறையில் இருந்திருப்பார். வசவு வாங்குவதற்கு அந்த இளைஞரை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பூங்கா விரைவுப் பாதையை எத்தனை பேருக்கு விற்றது என்பதை எந்த விளம்பரப் பலகையும் சொல்லாது. அந்தக் கயிற்றருகே ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலில் இதுவரை வந்த முறைகளில் நான் மதிப்பது, எல்லாவற்றிலும் எளிமையான முதல் முறையைத்தான். ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. சவாரியின் வாசலில் ஓர் இயந்திரம் இருக்கும். நுழைவுச் சீட்டை அதில் செருகினால், திரும்பி வரவேண்டிய ஒரு மணி நேர இடைவெளி அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்று வரும். தனிக் கட்டணம் கிடையாது. ஒரு சீட்டை வாங்கினால், குறிப்பிட்ட நேரம் கழியும்வரை அடுத்ததை வாங்க முடியாது. காலையில் எழுந்து வந்தவர், மாதக்கணக்கில் திட்டமிட்டு வந்தவர், முதன்முறையாக வந்து திகைத்து நிற்பவர் ஆகிய எல்லாருக்கும் ஒரே இயந்திரம், ஒரே விதி. குறையில்லாத முறை அன்று. புகழ்பெற்ற சவாரிகளின் சீட்டுகள் பிற்பகலுக்குள் தீர்ந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் பூங்காவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடி ஓடிச் சீட்டு எடுப்பார்கள். ஆனாலும், வசதி பெறாதவருக்கும் வசதி பெற்றவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு, நடந்து போய் ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளும் அளவில்தான் இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், லோ-கியூ என்ற பிரிட்டன் நிறுவனம் கியூ-பாட் என்ற கையடக்கக் கருவியைச் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் போன்ற பூங்காக்களுக்கு அளித்தது. வாடகைக்கு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால், அது நமக்காக வரிசையில் நிற்கும். நேரம் வந்ததும் தகவல் தரும். அதன் அடிப்படை வடிவம் நியாயமானது என்பேன். வரிசை 60 நிமிடமாக இருந்தால் கருவியும் 60 நிமிடம் காக்க வைக்கும். ஒரு நேரத்தில் ஒரு சவாரிதான். பணம் கொடுத்தவர் வாங்கியது உட்காரும் சுதந்திரத்தை. மற்றவருடைய இடத்தை அவர் பெரிதாகப் பறிக்கவில்லை. அதன்மேல் கட்டப்பட்ட உயர் நிலைகளில்தான் இந்தச் சமநிலை குலைந்தது. சிக்ஸ் ஃப்ளாக்ஸில் காத்திருப்பைப் பாதியாகக் குறைக்கும் ஒரு நிலையும், 90 சதவீதம் வரை குறைக்கும் இன்னொரு நிலையும் விற்கப்பட்டன. குறைத்த அந்த நிமிடங்கள் வேறு யாரோ ஒருவருடைய காத்திருப்பில் கூடுகின்றன.

டிஸ்னியின் இரண்டாம் கட்டம், 2013-ஐ ஒட்டிக் கைப்பட்டையோடும் செயலியோடும் வந்த ஃபாஸ்ட்பாஸ் பிளஸ். பூங்காவின் விடுதிகளில் தங்குபவர்கள் 60 நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் 30 நாட்களுக்கு முன்பும், நாளொன்றுக்கு மூன்று சவாரிகளைப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும், இரண்டு மாதங்களுக்கு முன்பே எந்த நாளில், எந்த மணியில், எந்தச் சவாரியில் ஏறுவோம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்யவேண்டிய நிலையை அது உண்டாக்கியது. குழந்தைக்கு அன்று வயிறு சரியில்லை என்றால் திட்டம் முழுவதும் கலையும். முன்பதிவு இருந்ததால், அதற்குமுன் யாரும் முன்பதிவு செய்ய நினைத்திராத சிறிய சவாரிகளிலும் சாதாரண வரிசை நீண்டது என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட குறை. அது நியாயமான குறை என்றே நானும் கருதுகிறேன்.

அந்த இலவச முறைக்குப் பதிலாக, 2021 அக்டோபரில் அதே பூங்கா ஜீனி பிளஸ் என்ற கட்டண முறையைக் கொண்டுவந்தது. விரைவுப் பாதைக்கு லைட்னிங் லேன் என்று பெயர். 2024 ஜூலையில் பெயர்களும் விதிகளும் மறுபடியும் மாறின. வருகைக்குச் சில நாட்களுக்கு முன்பே மூன்று சவாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் திரும்பி வந்தது. இந்த முறை கட்டணத்தோடு வந்தது. மிகவும் விரும்பப்படும் சில சவாரிகள் இந்தத் தொகுப்பில் அடங்காமல் தனியாக விற்கப்படுகின்றன. வாங்கிப் பயன்படுத்துபவர் என்ற முறையில் சொன்னால், செயலி ஒழுங்காகவே வேலை செய்கிறது, நேரமும் மிச்சமாகிறது. ஆனால் நாளின் பெரும்பகுதி கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதிலேயே போய்விடுகிறது. ஒரு சவாரியில் ஏறியதும் அடுத்ததைத் தேட வேண்டும். கிடைத்த நேரம் பிடிக்கவில்லை என்றால் திரையை மறுபடியும் மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் அன்று முழுவதும் எழுத்தர் வேலை பார்க்கிறார்.

அமெரிக்காவிலுள்ள யுனிவர்சல் பூங்காக்களின் எக்ஸ்பிரஸ் சீட்டில் இந்தத் தொல்லை இல்லை. நேர இடைவெளி எதுவும் கிடையாது, விரும்பியபோது போகலாம். பயன்படுத்துபவருக்கு இதைவிட எளிதான முறை வேறில்லை. ஆர்லாண்டோவில் சில உயர்தர விடுதிகளில் தங்குபவர்களுக்கு அது அறையோடு சேர்த்தே கிடைக்கிறது. சாதாரண வரிசையில் நிற்பவரின் பார்வையில் மேலே சொன்ன கயிற்றுக் கதைதான் இங்கும்.

மெய்நிகர் வரிசை என்று அழைக்கப்படுவது வேறு வகை. இதில் சாதாரண வரிசை என்று ஒன்றே இருக்காது. எல்லாரும் கைப்பட்டையாலோ செயலியாலோ இடம் பிடித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். 2017-இல் திறக்கப்பட்ட யுனிவர்சலின் வால்கேனோ பே என்ற நீர்ப்பூங்கா, டப்பு டப்பு என்ற கைப்பட்டையைக் கொடுத்து, பெரும்பாலான சறுக்குகளுக்கு இப்படித்தான் ஒழுங்கு செய்தது. ஈர உடையோடு படிக்கட்டில் நிற்கவேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் வரிசையில் நிற்காத ஆயிரக்கணக்கானவர்கள் எங்கேயாவது இருந்தாக வேண்டும் அல்லவா? நாற்காலிகளிலும் குளங்களிலும் நடைபாதைகளிலும் அவர்கள் சேர்கிறார்கள். வரிசை மடிந்து மடிந்து செல்லும் அந்தக் கம்பித் தடுப்புகளுக்குள் அடங்கிய கூட்டம் வெளியே கொட்டப்படுவதால், அதற்கேற்ற இடமும் நிழலும் இல்லாத பூங்காவில் மெய்நிகர் வரிசை தோற்றுப் போகும்.

அதன் இன்னொரு ஆபத்து, வரிசையை ஓட்டப்பந்தயமாக்கிவிடுவது. டிஸ்னியின் ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் சவாரி 2019 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, செயலி வழியாகக் குழு எண் கொடுத்து அழைக்கும் முறை பின்பற்றப்பட்டது. பூங்கா திறந்த சில நிமிடங்களில் அன்றைய எண்கள் தீர்ந்துபோன நாட்கள் பல. விரல் வேகம் குறைந்த முதியவருக்கும், கைப்பேசி இணைப்பு தடுமாறியவருக்கும், எவ்வளவு நேரம் நிற்கத் தயாராக இருந்தாலும் அன்று வாய்ப்பில்லை. சாதாரண வரிசையின் பெருமை அங்கேதான் புரிகிறது: பொறுமை உள்ள எவருக்கும் அது திறந்திருக்கிறது. ஜெர்மனியின் யூரோபா பார்க், மெய்நிகர் வரிசையைத் தனிக் கட்டணமின்றிச் செயலியில் தருவதோடு சாதாரண வரிசையையும் வைத்திருக்கிறது. இரண்டையும் அப்படி உடன் வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முன்பதிவுக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை ஏறுமிடத்தில் இருக்கின்றன. ஊழியர் "எத்தனை பேர்?" என்று கேட்டு, விரல் நீட்டி எந்த இருக்கை வரிசை என்று காட்டுகிறார். இருவர் இருவராக அமரும் வண்டியில் மூவராக வந்த குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை காலியாகப் போகும். 24 இருக்கைகளில் ஒவ்வொரு முறையும் இரண்டு காலியாகப் போனால், மணிக்கு 120 இருக்கைகள் வீண். தனியாக அமரச் சம்மதிப்பவர்களுக்கென்று ஒரு சிறு வரிசையை ஒதுக்கி, அவர்களைக் கொண்டு அந்த இருக்கைகளை நிரப்பும் ஏற்பாட்டை நான் எங்கு கண்டாலும் பாராட்டுவேன். யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்ளாமல் அது புதிய இடத்தைத் தருகிறது. பை வைக்கும் பெட்டி, மடியின்மேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பியைச் சரிபார்க்கும் வேகம், போதிய ஊழியர்கள் ஆகியவையும் அப்படித்தான். வண்டி 60 நொடிக்குப் பதில் 75 நொடிக்கு ஒன்று புறப்பட்டால், 1,440 என்பது 1,152 ஆகிவிடும். பாதுகாப்புச் சோதனையை அவசரப்படுத்தச் சொல்லவில்லை. தேவையான ஆட்களை நிறுத்தச் சொல்கிறேன்.

வாசலில் எழுதிவைக்கும் காத்திருப்பு நேரமும் சேவையின் ஒரு பகுதியே. டிஸ்னி பூங்காக்களில் சில சமயம் வரிசையில் நுழைபவரிடம் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்து, ஏறுமிடத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இரண்டு நேரங்களுக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையான காத்திருப்பு. இப்படி அளந்து எழுதும் பலகையை நம்பி ஒரு குடும்பம் தன் நாளைத் திட்டமிடலாம்.

காத்திருப்பையே நன்றாக அமைத்ததற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, 2012-இல் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் டம்போ சவாரிக்குச் செய்த மாற்றம். பறக்கும் யானைகளின் சுற்று ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினார்கள். ஏறுவோர் எண்ணிக்கை இரட்டித்தது. அதோடு, வரிசையின் நடுவில் சர்க்கஸ் கூடாரம் போன்ற விளையாட்டிடம் ஒன்றைக் கட்டி, பெற்றோர் கையில் அழைப்புக் கருவியைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஏறிக் குதித்து விளையாட, பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, வரிசை தன் பாட்டுக்கு நகர்ந்தது. கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை.

நிற்க இயலாதவர்களுக்கான ஏற்பாட்டை இறுதியாகச் சொல்ல வேண்டும். டிஸ்னி 2013-இல் கொண்டுவந்த முறையில், மாற்றுத்திறனாளி ஒருவருக்கு அப்போதைய வரிசை நேரத்துக்கு ஏற்பத் திரும்பி வரும் நேரம் குறித்துக் கொடுக்கப்பட்டது. அவர் வெளியே காத்திருக்கலாம். நியாயமான ஏற்பாடு. 2024-இல் அதற்கான தகுதி வரம்பு இறுக்கப்பட்டதால், முன்பு பயன் பெற்ற பலர் வெளியே நின்றுவிட்டார்கள். விரைவுப் பாதை இலவசமாகவே இருந்திருந்தால், தங்களுக்கு நிற்க முடியாது என்பதை அவர்கள் ஒவ்வொரு முறையும் நிரூபிக்கவேண்டிய தேவை குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கைக்குழந்தையோடு வருபவர்களுக்குப் பல பூங்காக்கள் தரும் முறைமாற்று வசதிக்கு முழு மதிப்பெண் தருவேன். தாயோ தந்தையோ ஒருவர் சவாரிக்குப் போக, மற்றவர் குழந்தையோடு வெளியே இருப்பார். முதலாமவர் வந்ததும் இரண்டாமவர் மறுபடியும் வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். இறங்கும் வாசலில் தலை கலைந்து, சிரித்தபடி வந்த ஒரு பெண், கணவரின் தோளில் தூங்கிய குழந்தையை மெல்லத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "போயிட்டு வாங்க, முன் வரிசையில உட்காருங்க" என்று சொல்லி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர் உள்ளே போனதற்காகச் சாதாரண வரிசையில் யாரும் முகம் சுளிக்கவில்லை.